கடலுக்குப் பாதை போட்டவர்

கால் முறிந்து கரையில் உட்கார்ந்த மாலுமி மோரியின் வரலாறு

தரையில் பத்துப் பேர் நடந்தால் தடம் விழும். தடம் பாதை ஆகும். கடலில் தடம் விழுமா? கப்பல் போன மறு நிமிடமே தண்ணீர் மூடிக்கொள்ளும்.

ஆனால், கடலிலும் பாதை உண்டு என்று ஒருவர் காட்டினார். எந்த மாதத்தில் எந்தப் பக்கமிருந்து காற்று அடிக்கும், நீரோட்டம் எங்கே இழுக்கும், புயல் எங்கே அதிகம் என்று அவர் படம் போட்டுக் கொடுத்தார். அந்தப் படத்தை நம்பிப் போன கப்பல்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நாட்களை மிச்சப்படுத்தின.

இதில் ஓர் அதிசயம் உண்டு. இந்த வேலையை அவர் கடலில் இருந்துகொண்டு செய்யவில்லை. கால் முறிந்து, இனிக் கப்பலுக்கு உதவமாட்டார் என்ற நிலையில், அலுவலக மேஜைக்கு முன் உட்கார்ந்து செய்தார்!

அவர் பெயர் மாத்யூ மோரி. அமெரிக்காவைச் சேர்ந்தவர்.

மரத்தில் இருந்து விழுந்தார்

மோரி 1806-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் விவசாயி. வீட்டில் குழந்தைகள் அதிகம், வருமானம் குறைவு. மோரி சிறுவனாக இருந்தபோதே, பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் டென்னசி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது.

12 வயதில் மோரி ஒரு மரத்தில் இருந்து கீழே விழுந்தார். முதுகில் பலத்த அடி. இனி இவனால் வயலில் வேலை செய்ய முடியாது என்று எண்ணிய தகப்பனார், பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அந்த விபத்து நடந்திராவிட்டால், மோரி கலப்பை பிடித்தே காலத்தைக் கழித்திருக்கலாம்.

மோரியின் அண்ணன் ஜான் கடற்படையில் இருந்தார். அண்ணன் சொன்ன கடல் கதைகள் தம்பியின் மனதில் பதிந்தன. ஆனால் ஜான் மஞ்சள் காய்ச்சல் கண்டு இளம் வயதிலேயே இறந்துபோனார். ஒரு மகனைக் கடலுக்குக் கொடுத்த தகப்பனார், இன்னொரு மகனையும் கொடுக்க விரும்பவில்லை.

மோரி கேட்கவில்லை. 1825-ம் ஆண்டு, தமது 19-வது வயதில், தகப்பனாரின் சம்மதம் இல்லாமலே கடற்படையில் சேர்ந்தார்.

சில ஆண்டுகளில் "வின்சென்ஸ்" என்ற கப்பலில் அவருக்கு இடம் கிடைத்தது. 1830-ம் ஆண்டு அந்தக் கப்பல் உலகத்தையே சுற்றி முடித்து ஊர் திரும்பியது. உலகைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கப் போர்க்கப்பல் அதுதான்.

கேட்டார், பதில் இல்லை

1831-ம் ஆண்டு, "பால்மவுத்" என்ற கப்பலுக்கு வழி காட்டும் பொறுப்பு மோரிக்கு வந்தது. தென் அமெரிக்காவின் கோடியில் உள்ள ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு பசிபிக் கடலுக்குப் போகவேண்டும்.

ஹார்ன் முனை என்றால் அந்தக் காலத்து மாலுமிகளுக்குக் குலை நடுங்கும். அங்கே காற்றைத் தடுக்க நிலம் இல்லை. பூமியைச் சுற்றிச் சுற்றி அடிக்கும் மேல்காற்று, மாடி உயரத்துக்கு அலைகளைக் கிளப்பும். பாய்மரக் கப்பல்கள் வாரக்கணக்கில் முன்னேற முடியாமல் அங்கே திண்டாடும்.

அங்கே எந்தக் காலத்தில் எப்படிக் காற்று அடிக்கும் என்று மோரி நியூயார்க்கில் தேடிப் பார்த்தார். உருப்படியான தகவல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எத்தனையோ கப்பல்கள் அந்த வழியாகப் போய் வந்திருந்தன. ஒவ்வொரு தலைவரும் தமக்குத் தெரிந்ததைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அடுத்தவன் மறுபடியும் முதலில் இருந்து பாடம் படிக்கவேண்டி இருந்தது.

இது மோரியின் மனதை உறுத்தியது. தாம் கண்டதை எழுதி 1834-ம் ஆண்டு ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார். அதே ஆண்டில் ஆன் ஹெர்ண்டன் என்ற பெண்ணை மணந்தார். 1836-ம் ஆண்டு, கப்பல் செலுத்தும் கலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

வண்டி கவிழ்ந்தது

நல்ல காலம் பிறக்கிறது என்று எண்ணிய நேரத்தில் இடி விழுந்தது.

1839-ம் ஆண்டு மோரி ஒஹையோ மாநிலத்தில் குதிரை வண்டி ஒன்றில் பயணம் செய்தார். வண்டியில் கூட்டம். தம்முடைய இடத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, வண்டியின் மேல்தட்டில் போய் உட்கார்ந்தார். வழியில் வண்டி கவிழ்ந்தது. மோரியின் வலது கால் முறிந்தது.

எலும்பு சரியாகக் கூடவில்லை. கால் ஊனம் ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 33. ஆடும் கப்பலின் மேல்தட்டில் அவரால் இனி நிற்க முடியாது. தகப்பனாரின் சொல்லை மீறிக் கடலுக்குப் போனவரை, கடல் திரும்ப ஏற்றுக்கொள்ளவில்லை.

குப்பையில் கிடந்த புதையல்

1842-ம் ஆண்டு கடற்படை அவருக்குக் கரையிலேயே ஓர் உத்தியோகம் கொடுத்தது. வாஷிங்டன் நகரில் கடல் வரைபடங்களையும் கருவிகளையும் பாதுகாக்கும் கிடங்குக்கு அவரைத் தலைவர் ஆக்கியது.

அந்தக் கிடங்கில் பழைய நோட்டுப் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. அவை கப்பல்களின் தினசரிக் குறிப்புகள். கப்பல் இன்று எங்கே இருக்கிறது, காற்று எப்படி, வானிலை எப்படி, நீரோட்டம் எப்படி என்று மாலுமிகள் நாள்தோறும் எழுதிவைத்தவை. பயணம் முடிந்ததும் யாரும் அவற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை. தூசி படிந்து கிடந்தன.

மற்றவர்களுக்கு அது பழைய காகிதம். மோரிக்கு அது புதையல்!

உதவியாளர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகத்தையும் பிரித்தார். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். இந்தக் கட்டத்தில், இந்த மாதத்தில், எத்தனை கப்பல்கள் எந்தக் காற்றைக் கண்டன என்று எண்ணினார். தனிக் குறிப்பு ஒன்றினால் பயன் இல்லை. ஆயிரம் குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்தபோது கடல் தன் குணத்தைக் காட்டிவிட்டது.

1847-ம் ஆண்டு வட அட்லாண்டிக் கடலின் காற்று, நீரோட்டப் படம் வெளிவந்தது.

35 நாட்கள் மிச்சம்

முதலில் மாலுமிகள் நம்பவில்லை. கரையில் உட்கார்ந்திருப்பவர் நமக்கு வழி சொல்வதா என்று ஒதுக்கினார்கள்.

ஜாக்சன் என்ற கப்பல் தலைவர் மட்டும் துணிந்தார். 1848-ம் ஆண்டு பால்டிமோர் துறைமுகத்தில் இருந்து பிரேசில் நாட்டு ரியோ நகரத்துக்குப் புறப்பட்டார். வழக்கமாக 55 நாட்கள் பிடிக்கும் பயணம். மோரி சொன்ன வழியில் 38 நாளில் போய்ச் சேர்ந்தார். போக வர மொத்தம் 35 நாட்கள் மிச்சம் ஆயிற்று!

செய்தி பரவியது. எல்லோரும் படம் கேட்டார்கள். மோரி ஒரு நிபந்தனை போட்டார். படம் இலவசம். ஆனால் அதற்குப் பதிலாக ஒவ்வொரு கப்பலும் தாம் கொடுக்கும் தாளில் நாள்தோறும் குறிப்பு எழுதி அனுப்பவேண்டும்.

குறிப்பு கொடுத்தவர்களுக்குப் படம் கிடைத்தது. படம் கிடைத்தவர்கள் மேலும் குறிப்பு கொடுத்தார்கள். உலகக் கடல்களில் ஓடிய கப்பல்கள் எல்லாம் மோரிக்குக் கண்கள் ஆயின.

அப்போது கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த காலம். நியூயார்க்கில் இருந்து ஹார்ன் முனையைச் சுற்றிச் சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. 1851-ம் ஆண்டு "பிளையிங் கிளவுட்" என்ற கப்பல் 89 நாள் 21 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கப்பலுக்கு வழி காட்டியவர் ஒரு பெண்மணி! கப்பல் தலைவரின் மனைவி எலினோர் கிரீசி. அவர் மோரியின் படங்களைக் கரைத்துக் குடித்தவர். 1854-ம் ஆண்டு அதே கப்பல் இன்னும் 13 மணி நேரம் குறைத்தது. அந்தச் சாதனையை முறியடிக்க 1989-ம் ஆண்டு வரை எந்தப் பாய்மரக் கப்பலாலும் முடியவில்லை.

காணாமற்போன கப்பல்

1853-ம் ஆண்டு டிசம்பரில் "சான்பிரான்சிஸ்கோ" என்ற புதிய நீராவிக் கப்பல் நியூயார்க்கில் இருந்து புறப்பட்டது. ராணுவ வீரர்கள், அவர்களுடைய மனைவி மக்கள், மற்றப் பயணிகள், மாலுமிகள் என்று சுமார் 700 பேர் அதில் இருந்தார்கள்.

புறப்பட்ட சில நாட்களிலேயே கடும் புயல் அடித்தது. எந்திரம் நின்றது. பாய்மரம் முறிந்தது. டிசம்பர் 24-ந்தேதி ஒரு ராட்சத அலை கப்பல் மேல் விழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போயிற்று. மிச்சம் இருந்தவர்களோடு அந்தக் கப்பல் இஷ்டம்போல் மிதந்தது.

கரைக்குச் செய்தி வந்தது. ஆனால் நடுக்கடலில் எங்கே என்று தேடுவது? அரசாங்கம் மோரியைக் கேட்டது.

கப்பலைக் கடைசியாகக் கண்ட இடம் எது? அங்கே நீரோட்டம் எவ்வளவு வேகம்? காற்று எந்தப் பக்கம் தள்ளும்? மோரி கணக்குப் போட்டார். வரைபடத்தில் ஓர் இடத்தைப் பென்சிலால் குறித்தார்.

தேடப் போன கப்பல்கள் எட்டும் முன்பே, அந்த வழியாக வந்த வேறு கப்பல்கள் தவித்தவர்களைக் காப்பாற்றின. காப்பாற்றிய இடம், மோரி குறித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது!

பத்து நாடுகள் கூடின

அமெரிக்கக் கப்பல்கள் மட்டும் எழுதினால் போதாது, எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே மாதிரி எழுதவேண்டும் என்று மோரி விரும்பினார். அவருடைய முயற்சியால் 1853-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்சில் மாநாடு கூடியது. பத்து நாடுகள் பிரதிநிதிகளை அனுப்பின. எல்லோரும் ஒரே மாதிரிப் படிவத்தில் எழுத இசைந்தார்கள். போர் மூண்டாலும் இந்த வேலை நிற்கக்கூடாது என்பது அவர்களின் விருப்பம்.

மறு ஆண்டு ஒரு கொடுமை நடந்தது. 1854-ம் ஆண்டு செப்டம்பரில், மூடுபனியில் "ஆர்க்டிக்" என்ற அமெரிக்கக் கப்பலும் ஒரு பிரெஞ்சுக் கப்பலும் மோதிக்கொண்டன. "ஆர்க்டிக்" மூழ்கியது. அதில் இருந்த பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இதன் பிறகு மோரி, அட்லாண்டிக் கடலில் போகும் நீராவிக் கப்பலுக்கு ஒரு வழி, வரும் கப்பலுக்கு வேறு வழி என்று இரண்டு தனிப் பாதைகளை வகுத்துக் கொடுத்தார். அதே 1855-ம் ஆண்டில் கடலின் இயற்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது.

அவர் சொன்னது எல்லாம் சரி என்று கூற முடியாது. வடதுருவத்தில் பனி இல்லாத திறந்த கடல் இருக்கிறது என்று நம்பினார். அது தவறு என்று பிற்பாடு தெரிந்தது.

புகழ் ஒரு பக்கம். அவமானம் ஒரு பக்கம். 1855-ம் ஆண்டு கடற்படை, வேலைக்கு ஆகாத அதிகாரிகளைக் கழித்துக் கட்டியது. அந்தப் பட்டியலில் மோரியின் பெயரும் இருந்தது! மூன்று ஆண்டுகள் போராடிய பிறகே பழைய மதிப்பு திரும்பக் கிடைத்தது.

இடையில், 1857-ம் ஆண்டு, அவருடைய மைத்துனர் ஹெர்ண்டன் தலைமை வகித்த "சென்ட்ரல் அமெரிக்கா" என்ற கப்பல் புயலில் சிக்கியது. பெண்களையும் குழந்தைகளையும் வேறு கப்பலுக்கு அனுப்பிவிட்டு, ஹெர்ண்டன் தம் கப்பலோடு மூழ்கிப்போனார். 400-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கடலின் குணத்தை அறிந்தவரின் வீட்டிலேயே கடல் ஓர் உயிரை வாங்கிவிட்டது.

தவறான பக்கம்

1861-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்த தென் மாநிலங்கள், அந்த முறையைக் காப்பாற்றிக்கொள்ள நாட்டை விட்டுப் பிரிந்தன.

நாடு உடைவதை மோரி விரும்பவில்லை. ஆனாலும், அவர் பிறந்த வர்ஜீனியா பிரிந்தபோது அவரும் அதனோடு போனார். 1861-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந்தேதி வேலையை உதறினார். 19 ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளை எல்லாம் அங்கேயே விட்டுச் சென்றார்.

அவர் அடிமை முறையை எதிர்த்தவரும் அல்லர். அடிமைகளை வைத்திருந்தவர்கள் அவர்களோடு அமேசான் நதிப் பக்கம் போய்க் குடியேறலாம் என்று முன்பே எழுதியவர். எல்லா நாட்டாரையும் ஒன்று சேர்த்தவர், மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவதை எதிர்த்து நிற்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் விழுந்த பெரிய கறை இது.

கப்பல்களைக் காக்கும் வழி தேடியவர், போரில் கப்பல்களை உடைக்கும் மின்சாரக் கண்ணிவெடிகளைச் செய்தார். பிறகு தென் மாநிலங்களின் வேலையாக இங்கிலாந்து சென்றார்.

1863-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு துயரச் செய்தி எழுந்தது. அவருடைய மகன் ஜான், விக்ஸ்பர்க் என்ற ஊருக்கு அருகே, எதிரிகளை வேவு பார்க்கக் குதிரையில் போனான், திரும்பவே இல்லை. கடலில் காணாமற்போன கப்பல் எங்கே இருக்கும் என்று சொன்ன தந்தைக்கு, தரையில் காணாமற்போன மகன் என்ன ஆனான் என்று கடைசி வரை தெரியவில்லை.

1865-ம் ஆண்டு தென் மாநிலங்கள் தோற்றன. மோரியால் உடனே ஊர் திரும்ப முடியவில்லை. மெக்சிகோவிலும் இங்கிலாந்திலும் காலம் தள்ளினார். 1868-ம் ஆண்டு வர்ஜீனியா திரும்பி, லெக்சிங்டன் ஊரில் உள்ள ராணுவக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

கடலில் செய்ததைத் தரையிலும் செய்யவேண்டும், விவசாயிகளுக்கும் வானிலைச் செய்தி போகவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். அந்தச் சுற்றுப்பயணத்தில் நோய்வாய்ப்பட்டார். 1873-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி காலமானார். வயது 67.

அலையை அளக்கும் கண்கள்

மோரி போய்விட்டார். அவர் தொடங்கிவைத்த பழக்கம் போகவில்லை. இன்றும் பல ஆயிரம் வாணிபக் கப்பல்கள் கூலி வாங்காமல் வானிலைக் குறிப்பு அனுப்புகின்றன. அந்தக் குறிப்பில் அலைகளுக்கும் இடம் உண்டு.

அலையில் இரண்டு வகை. முதல் வகை, அந்த இடத்திலேயே அடிக்கும் காற்று கிளப்பும் அலை. அது குட்டையாக, செங்குத்தாக, தலையில் வெண்ணுரையோடு வரும். காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் தடை இல்லாமல் அடிக்கிறதோ, அதற்கு ஏற்ப அது வளரும்.

இரண்டாவது வகை, எங்கோ தொலைவில் அடித்த புயல் கிளப்பிவிட்டது. புயல் ஓய்ந்த பிறகும் அது ஓயாது. நீண்டு, உருண்டு, சீராக, ஆயிரக்கணக்கான மைல் ஓடிவரும். காற்றே இல்லாத நாளில் திடீர் என்று கடல் கரை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்துமாக் கடலின் தென்கோடியில் பிறக்கும் இந்த அலை, சில நாள் கழித்துக் கன்னியாகுமரிக் கரையில் வந்து மோதும். இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள்.

கப்பல் அதிகாரி இவற்றை எப்படி அளக்கிறார்? கண்ணால்தான்! கப்பல் பள்ளத்தில் இறங்கும்போது, அலையின் உச்சி அடிவானத்தோடு ஒட்டித் தெரிகிற உயரத்தில் நின்று பார்க்கிறார். தண்ணீர் மட்டத்தில் இருந்து அவர் கண் இருக்கும் உயரமே அலையின் உயரம். மிதக்கும் நுரை ஒன்று உச்சிக்கு வந்து, மறுபடி உச்சிக்கு வர எத்தனை வினாடி என்று எண்ணுகிறார். எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று பார்க்கிறார். அங்கேயே பிறந்த அலையைத் தனியாகவும், தூரத்து அலையைத் தனியாகவும் எழுதுகிறார்.

கண் மதிப்பில் பிழை வரும். இருட்டில் இன்னும் வரும். ஆனால் லட்சக்கணக்கான குறிப்புகளைச் சேர்க்கும்போது, கூட எழுதியதும் குறைய எழுதியதும் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும்.

ஒரு குறை மட்டும் எளிதில் தீராது. கப்பல்கள் நல்ல வழியில்தான் போகும்; புயலைக் கண்டால் விலகும். ஆகவே, கப்பல் வழிகளில் குறிப்புகள் குவிந்து கிடக்கின்றன. கொந்தளிக்கும் தென்கடலில் மிகக் குறைவு. மோரி காட்டிய மாதிரிப் பாதைகளில் கப்பல்கள் போகப் போக, பாதைக்கு வெளியே உள்ள கடலைப் பார்க்க ஆள் இல்லாமற்போயிற்று!

இன்று வானத்தில் செயற்கைக் கோள்கள் அலையை அளக்கின்றன. கடலில் மிதவைகள் அளக்கின்றன. ஆனால் அவை வருவதற்கு முன் கடல் எப்படி இருந்தது? காற்று கூடி இருக்கிறதா, அலை வளர்ந்து இருக்கிறதா? அதைச் சொல்லக்கூடிய சாட்சி, பழைய கப்பல் குறிப்புகள்தான். மோரி சேர்த்தவை இப்போது உலகக் கடல் தகவல் தொகுப்பில் இருக்கின்றன. தட்பவெப்ப மாறுதலை ஆராய்கிறவர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

1929-ம் ஆண்டு வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் மோரிக்குச் சிலை வைத்தார்கள். அடிமை முறையைக் காக்க நின்ற பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதால் 2020-ம் ஆண்டு அதை அகற்றிவிட்டார்கள். அவர் பெயர் தாங்கிய அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கப்பலுக்கு, 2023-ம் ஆண்டு மேரி தார்ப் என்ற பெயரைச் சூட்டினார்கள். மேரி தார்ப், கடலின் அடித்தரையைப் படம் வரைந்து புகழ் பெற்ற பெண் விஞ்ஞானி.

சிலை போயிற்று, பெயரும் போயிற்று. ஆனால் இன்று இரவும் ஏதோ ஒரு கடலில், ஏதோ ஒரு கப்பலில், ஓர் அதிகாரி அலையைப் பார்த்து வினாடிகளை எண்ணுவார். எண்ணியதை எழுதுவார். பின்னால் வருகிற கப்பல் பிழைக்க அந்த ஒரு வரி உதவும்.